முதுகு பட்ட பிறகு

நான் குடியிருக்கும் எட்மண்டனில், வேலை விட்டதும் ஆட்கள் ஒரு கூடத்தில் கூடுகிறார்கள். தாமாகவே மல்லாந்து படுத்துக்கொண்டு, மேலே வா என்று எதிராளியைக் கூப்பிடுகிறார்கள். பனிக்குக்கூடப் பழகிவிட்டேன், இதற்குத்தான் நாளாயிற்று. குத்து, உதை, மல் எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. சண்டையில் கீழே கிடப்பவன் இரண்டு கால்களாலும் மேலிருப்பவனின் இடுப்பைப் பின்னிக்கொண்டு மல்லுக்கட்டுவதற்கு ‘கார்டு’ என்று பெயர். முதல் நாள் லூகஸ் என்பவன் என்னைச் சாய்க்க, என் முதுகு மெத்தையில் பட்டதுமே பிடியை விட்டுவிட்டேன். எழுந்து, தோற்றவனாகக் கை நீட்டினேன். ஏன் நிறுத்தினாய் என்றார் பயிற்சியாளர். முதுகு பட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். முதுகில் அடி என்று எடுத்துக்கொண்டு மனிதர் ஐஸ் பையோடு ஓடிவந்தார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊரான தேவாரத்தில் முதுகில் மண் ஒட்டினால் குஸ்தி முடிந்தது. அப்பா இளவட்டத்தில் உத்தமபாளையம் வரை போய்ப் பலரை மல்லாத்தியவர். போன வருஷம் திராட்சைப் பந்தலுக்குக் கம்பி இழுக்கும்போது தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆனது. காலை மடக்கி நீட்டிப் பழகாமல் அப்படியே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டிவிடும் என்று டாக்டர் எச்சரித்தும் அசையவில்லை.

“ஏலே, முதுகுல மண்ணு ஒட்டியாச்சு. இனி என்னத்த?” என்றார் வீடியோ காலில்.

மறுநாள் கூடத்தில் போனைச் சாய்த்து வைத்து, லூகஸை மேலே ஏற்றிக்கொண்டு, கிடந்தபடியே அவனைப் புரட்டிக் காட்டினேன்.

“பாத்தீகளாப்பா? முழங்கால மடக்குங்க, இடுப்பத் தூக்குங்க. கெடந்துக்கிட்டே செயிக்கலாம்.”

அப்பா கண் எடுக்காமல் பார்த்தார். “அது ஒங்க ஊருச் சட்டம்லே” என்றார்.

ஒங்க ஊரு என்றது சுருக்கென்று தைத்தது. பிறகு நான் வற்புறுத்தவில்லை. லீவு கிடைத்ததும் போய் என் கையாலேயே மடக்கிவிடலாம் என்று இருந்தேன். சளி முந்திக்கொண்டது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மா சொன்னாள்: “கடைசியில காலை மடக்கி மடக்கி வச்சாகய்யா. வலியாக்கும்னு நான் நீட்டி விட்டேன். திரும்பவும் மடக்குனாக. பேசாம நீட்டிப் படுங்கன்னு வஞ்சேன் வேற.”

அது வலியில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? இன்றுவரை சொல்லவில்லை. பக்கத்தில் இருந்திருந்தால் அந்தக் காலைத் தாங்கிப் பிடித்திருப்பேன். இருக்கவில்லையே.

இப்போதும் கூடத்துக்குப் போகிறேன். லூகஸ் மேலே ஏறுகிறான். என் முதுகு தேவாரத்துச் சட்டப்படி மெத்தையில் பட்டதுமே தோற்றுவிடுகிறது. கால்கள் மட்டும் இந்த ஊர்ச் சட்டப்படி மடங்குகின்றன.