கவிழ்த்து வைத்த பரிசல்

ஆஸ்டின் டவுனில் இருக்கிறோம். என் கணவர் பக்கத்து ஏரியில் லைசென்ஸ் எடுத்து மீன் பிடிப்பவர். பரிசல் பழுதாகி வேறொன்றை எடுத்தால், முதலில் ஏரிக் காவலாளியிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. போன மார்கழியில் ஒரு விடியற்காலை எங்கள் பரிசல் ஒழுகியது. அதைக் கரையில் கவிழ்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் தன் தம்பியின் பரிசலில் போய்விட்டார்.

வெகுநேரமாகியும் வரவில்லையே என்று தேடிப் போனேன். பனியில் ஏரியும் வானமும் ஒன்றாகி, நான் நின்ற கரையே மிதப்பதுபோல் இருந்தது.

"பரிசலைக் கவுத்து வெச்சிருக்காரேம்மா! எப்பவோ கரையேறிட்டாரு" என்றார் காவலாளி. எங்கள் ஏரியில் கவிழ்த்து வைத்த பரிசலுக்கு அதுதான் அர்த்தம்.

திரும்பி நடந்தேன். அந்த வெண்மைக்குள்ளிருந்து அவருடைய இருமல் கேட்டது. துடுப்பு முறிந்து நடு ஏரியில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் போட்ட சத்தத்தில் காவலாளிதான் போய் இழுத்து வந்தார்.

"வாயைத் தொறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா?" என்று கணவரிடம் கத்தினேன்.

இப்போது அவர் சொல்லிவிட்டுத்தான் போகிறார். அவர் ஏரியில் இருக்கும்வரை அந்த ஓட்டைப் பரிசல் நிமிர்ந்தே கிடக்கும்; அதில் மழைத்தண்ணீர் தேங்கினாலும் சரி, அவர் கரையேறிய பிறகு நான்தான் அதைக் கவிழ்க்கிறேன்.