மைனஸ் காட்டிய கடிகாரம்

கொல்லிமலைப் பள்ளி ஒன்றில் நான் அறிவியல் டீச்சராக இருந்த காலம். ஒரு கல் விழும் நேரத்தை மாணவர்களுக்கு அளந்து காட்ட, உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு ஒன்றைச் சேலத்தில் வாங்கி, நானே புரோகிராம் எழுதினேன். நிற்க வைத்த மரச்சட்டத்தில் மேலே ஓர் ஒளிக்கதிர், கீழே ஓர் ஒளிக்கதிர். கல் மேல் கதிரை மறைக்கும் நேரத்தையும் கீழ்க் கதிரை மறைக்கும் நேரத்தையும் போர்டு குறித்துக்கொண்டு, இடைவெளியை மில்லி செகண்டில் காட்டும்.

அன்று காலை கல்லை நான் கையில்கூட எடுக்கவில்லை. அதற்குள் போர்டு மைனஸ் போட்டு ஓர் எண்ணைக் காட்டியது.

"கை வெச்சீங்களா?" என்று பக்கத்தில் நின்ற கணக்கு வாத்தியார் மேல் எரிந்து விழுந்தேன்.

"நான் தொடவே இல்லீங்க டீச்சர்," என்றவர், எண்ணை உற்றுப் பார்த்தார். "ஏனுங்க, மைனஸுன்னா மொதல்ல கீழ போய்ச் சேந்துட்டு, அப்புறமா மேல இருந்து கெளம்புதுங்களா?"

புரோகிராமைத் திட்டிக்கொண்டே வரிவரியாகப் பார்த்தேன். தப்பு எதுவும் இல்லை. அப்போதுதான் கையில் குளிர் தட்டியது. புளியஞ்சோலைப் பக்கமிருந்து வந்த மூடுபனி ஜன்னல் வழியாக நுழைந்து, மேசைமேல் படர்ந்து, சட்டத்தில் கீழிருந்து மேலாக ஏறிக்கொண்டிருந்தது. கீழ்க் கதிரைத்தான் அது முதலில் மறைத்திருக்கிறது; மேல் கதிரை அதற்குப் பிறகு.

வாத்தியார் ஜன்னலைச் சாத்தப் போனார்.

"தொடாதீங்க!" என்று கத்தினேன். "இன்னைக்கு அதைத்தான் அளக்கப் போறோம்."