நான் பிரித்த போர்வை

என் மருமகளின் தாயார் எங்கள் வீட்டில் செய்வினை வைத்ததாக நான் சொன்னேன். முதுகுக்குப் பின்னால் அல்ல. ஒரு சனிக்கிழமைப் பகலில், என் மனைவியும் மகனும் மருமகளும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த அம்மாளின் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் அப்படி எதையும் செய்யவில்லை. வயதாகிவிட்டது, உடம்பு சரியில்லாமல் இருந்தது என்றெல்லாம் பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. நான் படித்தவன். கோயில் கூட்டங்களில் எழுந்து நின்று மூடநம்பிக்கையைப் பற்றிப் பேசியவன். பேசிவிட்டு வீட்டுக்கு வந்து அதையே நம்பியிருக்கிறேன்.

நாங்கள் இருப்பது மலாக்காவில், குருபோங்கில், ஒரு வரிசை வீட்டில். ஓய்வு பெறும்வரை சுங்க அதிகாரியாக இருந்தேன். சுமத்ராவிலிருந்து படகில் வந்து இறங்குகிறவர்களின் பைகளைச் சோதிப்பது நெடுங்காலம் என் வேலை. பைக்குள் இருப்பதைவிட அதன் உறையில்தான் விஷயம் இருக்கும். தையலை விரலால் தடவினால் போதும், பிரித்துத் திரும்பத் தைத்த இடம் தனியாகத் தெரியும். வேலை முடிந்தாலும் விரல் சும்மா இருக்கவில்லை.

வீட்டில் தையலைத் தொடங்கி வைத்தவள் மருமகள். வீட்டிலேயே அடைந்து கிடந்த ஒரு காலத்தில் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து ஒட்டுப்போர்வை தைக்கக் கற்றுக்கொண்டாள். பழைய துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்து, எல்லாவற்றையும் சேர்த்துத் தைக்கும் வேலை அது. என் மனைவிக்குக் கம்பளி நூல் பின்னல் பிடித்துப் போனது. இந்த மலாக்கா வெயிலில் கம்பளியை யார் போடுவார்கள் என்று நான் கேட்டதற்கு, போடுவதற்கா பின்னுகிறேன் என்றாள். என் மகன் ஓர் உருளைக் கத்தியும் இரும்பு அடிமட்டமும் வாங்கிவந்து சதுரம் வெட்டித் தரும் வேலையை எடுத்துக்கொண்டான். வெட்டும்போது அவன் விசிலடிப்பான். அலுவலகத்திலிருந்து சிடுசிடுப்போடு வருகிற பிள்ளை துணியைத் தொட்டதும் விசிலடிப்பது எனக்கே அதிசயமாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் பெம்பானிலிருந்து சம்பந்தியம்மா பஸ் ஏறி வந்துவிடுவார். ரப்பர் தோட்டத்தில் பாலுக்கு மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறிய பிறகு பெம்பானில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். கைத்தையலில் அவர் வேகத்துக்குத் தையல் மெஷின் நிற்காது. வாயும் அப்படித்தான். வாசல் கேட்டுக்கு வெளியிலிருந்தே, "ஆப்பீசர் அண்ணே, உள்ள வரலாமா, பையத் தொறந்து காட்டணுமா?" என்பார். நான் சிரிக்கமாட்டேன். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

ஹாலில் அவர்கள் நால்வரும் உட்கார்ந்தால் எனக்கு அங்கே வேலை இல்லை. நாளிதழோடு வராந்தாவில் இருப்பேன். உள்ளே மெஷின் ஓடும், சிரிப்பு கேட்கும். தண்ணீர் குடிக்க எழுந்து போனால் மெஷின் நின்றுவிடும். மனைவி எதையோ தொடைக்கடியில் ஒளித்துக்கொள்வாள். மஞ்சள் நிறம் ஒன்று கண்ணில் பட்டு மறையும். மருமகள், "மாமா, டீ போடவா?" என்பாள். நான் திரும்பி வந்த பிறகுதான் மெஷின் மறுபடி ஓடும். முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாராவாரம் நடந்தபோது எடுத்துக்கொண்டேன்.

மெஷின் மேல் ஒரு போர்வை வளர்ந்துகொண்டிருந்தது. என்னது என்று கேட்டேன். கார் சீட்டுக்கு என்று மகன் சொன்னான். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அவன் கார் சீட்டின் அளவு எனக்குத் தெரியும். அந்தப் போர்வை அதற்குப் பொருந்தாது. ஒருவர் சொல்லும் சரக்கும் பையில் இருக்கும் சரக்கும் வேறு வேறாக இருந்தால் என்ன செய்வது என்பதில்தான் எனக்குப் பயிற்சி.

அப்புறம் என் கைலிகள் காணாமல் போயின. நீலக் கட்டம் போட்டது ஒன்று, பச்சை ஒன்று. இரண்டும் துவைத்துத் துவைத்து நூலாக மெலிந்தவை, எனக்குப் பிடித்தவை. மனைவியைக் கேட்டேன். கொடியிலிருந்து காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றாள். அடுத்த சனிக்கிழமை அந்தப் போர்வையில் நீலக் கட்டத்தைப் பார்த்தேன்.

அந்த நாட்களில் எனக்கு அடிக்கடி தலை சுற்றும். முழங்காலில் வலி. மருத்துவர் இரத்த அழுத்த மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், குணம் தெரியவில்லை. ஒருவரைக் கெடுக்க நினைத்தால் அவர் உடுத்திய துணியைத்தான் முதலில் எடுப்பார்கள் என்று சின்ன வயதில் கேட்ட பேச்சு எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. எதற்காக என்னைக் கெடுக்கவேண்டும்? அதற்கும் பதில் கண்டுபிடித்தேன். நான் இல்லாவிட்டால் வீட்டில் என் அறை காலி. மகள் வீட்டிலேயே வந்து தங்கிக்கொள்ளலாம். இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அப்போது இது எனக்கு மிகத் தெளிவான கணக்காகத் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை நால்வரும் பசாருக்குப் போயிருந்தார்கள். போர்வை மெஷின் மேல் கிடந்தது. விளிம்போடு விரலை ஓட்டினேன். ஒரு மூலையில் சுண்டுவிரல் நுனியளவுக்குக் கட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. சவர பிளேடை எடுத்துவந்து தையலைக் கீறினேன். பஞ்சுக்குள் ஒரு கறுப்புத் துணி முடிச்சு. அவிழ்த்தால், கருகிய வேர்த் துண்டு ஒன்று, கறுப்பு நூல் சுற்றியது. காரமான ஒரு வாடை. இன்னும் எங்கெங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடினேன். நாலு விளிம்பையும் பிரித்தேன். நடுத் தையலையும் கிழித்தேன். வேறொன்றும் இல்லை. அதற்குள் போர்வை தரை முழுவதும் கிடந்தது.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். முன்னால் வந்தது சம்பந்தியம்மா. தரையைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, எலி பூந்துருச்சா?" என்றார், சிரித்தபடியே.

நான் அந்த முடிச்சை நீட்டினேன். "என் கைலியை எடுத்து, அதுக்குள்ள இத வெச்சுத் தச்சிருக்கீங்க. செய்வினை வெக்கத்தான் வாராவாரம் பஸ் ஏறி வர்றீங்களா?"

அவர் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. நான் விளையாடுகிறேன் என்று கொஞ்ச நேரம் நினைத்திருக்கவேண்டும். மருமகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கை தானாக வயிற்றின் மேல் போனது. என் மனைவி என் கையிலிருந்ததை வாங்கி முகர்ந்து பார்க்கக்கூட இல்லை, பார்த்ததுமே தெரிந்துவிட்டது அவளுக்கு.

"வசம்புங்க," என்றாள். "பிள்ளைக்கு."

மருமகள் மூன்றாவது மாதம். எனக்கு மட்டும் சொல்லவில்லை. பிறக்காத பிள்ளைக்கு எதையும் வாங்கி வைக்கக்கூடாது என்பது வீட்டுப் பெரியவர்கள் பேச்சு. புதுத் துணி வாங்கினால்தானே தப்பு, பழைய துணியை ஒட்டினால் யாருக்கு என்ன என்று சம்பந்தியம்மாதான் வழி கண்டுபிடித்தாராம். யாருக்கென்று வாயால் சொல்லாமலே தைத்திருக்கிறார்கள். பிள்ளையின் முதல் துணி, வீட்டில் நெடுநாள் வாழ்ந்தவர் உடுத்திய துணியாக இருக்கவேண்டும், அந்த ஆயுசு பிள்ளைக்கு வரும் என்று என் மனைவியிடம் என் கைலியைக் கேட்டு வாங்கியதும் அவர்தான். வசம்பைச் சுட்டு மூலையில் வைத்துத் தைத்தால் பூச்சியும் அண்டாது, பிள்ளைக்கும் நல்லது என்று அவர்கள் வழக்கம். என் மனைவி பின்னிக்கொண்டிருந்த மஞ்சள், ஒரு தொப்பி.

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும். போன முறை மருமகள் உண்டானபோது, நாள் தள்ளிப்போன மறுவாரமே கோயிலிலும் காப்பிக் கடையிலும் நான் சொல்லித் தீர்த்தேன். பிள்ளை நிற்கவில்லை. அதற்குப் பிறகு பல மாதங்கள், பார்க்கிறவர்களெல்லாம் அவளை விசாரித்தார்கள். நான் ஒருவருக்கும் பதில் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவள்தான் சொன்னாள்.

சம்பந்தியம்மா பசார் பையைக் கீழே வைத்தார். "அண்ணே, எனக்குச் செய்வினை தெரிஞ்சிருந்தா இத்தன வருசம் தோட்டத்துல மரமா வெட்டிக்கிட்டு இருந்திருப்பேன்? மேனேஜர வெட்டச் சொல்லிட்டு நான் பங்களாவுல உக்காந்திருக்கமாட்டேன்?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் தன் பையை எடுத்து, வாயை விரித்து, எனக்கு எதிரில் காட்டினார். ஒரு மாற்றுச் சேலை, ஊசிப் பெட்டி, கண்ணாடிக் கூடு. காட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். மருமகளும் கூடவே எழுந்தாள். மகன் காரை எடுத்தான். துணித் துண்டுகளை யாரும் பொறுக்கவில்லை.

மருமகள் பெம்பானிலேயே தங்கிவிட்டாள். பிள்ளைக்கென்று தைத்ததில் பிளேடு பட்டுவிட்டதே என்று பயப்படுகிறாள் என மகன் சொன்னான். அவனும் பாதி நாள் அங்கேதான். மெஷினுக்கு மனைவி ஓர் உறை போட்டு மூடினாள். சாப்பாடு வேளாவேளைக்கு வந்தது. பேச்சு வரவில்லை. உள்ளே சத்தம் கேட்டால் சந்தேகப்பட்டவன், சத்தமே இல்லாத வீட்டில் நாளிதழை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

துண்டுகளை நானே பொறுக்கி வைத்திருந்தேன். அவற்றைத் திரும்பச் சேர்க்கவேண்டும் என்று தோன்றியது. தையல் சொல்லித் தரும்படி மனைவியைக் கேட்டேன். "பிரிக்க யார் சொல்லிக் கொடுத்தா உங்களுக்கு?" என்றாள். அதோடு சரி. கடைசியில் மகன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிரில் உட்கார்ந்து, ஊசியை மேலும் கீழும் எடுத்து ஓட்டும் எளிய தையலைக் காட்டினான். விசிலடிக்கவில்லை. என் தையல் வளைந்து வளைந்து போனது. கோணல் தெரிந்தாலும் பிரித்துத் தைக்காதீங்கப்பா, பிரித்தது போதும் என்றான்.

வசம்பும் வேண்டுமே. அந்தத் துண்டு எங்கே போனதென்று தெரியவில்லை. குருபோங்கில் வாங்கினால் தெரிந்தவர்கள் காரணம் கேட்பார்கள் என்று சிம்பாங் அம்பாட் வரை காரை ஓட்டினேன். அங்கேயும் மளிகைக் கடைக்காரர் விடவில்லை. "பேரப்பிள்ளையா ஐயா?" என்றார் சந்தோஷமாக. ஆமாம் என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்தது. பீரோவில் பூச்சி என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வாழ்க்கையில் ஒரு சேதியை நான் அடக்கிக்கொண்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

போர்வையை எடுத்துக்கொண்டு பெம்பானுக்குத் தனியாகப் போனேன். சம்பந்தியம்மா வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை. மருமகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தாள்.

"தப்புப் பண்ணிட்டேன் தங்கச்சி. மன்னிச்சிருங்க," என்றேன். வரும் வழியெல்லாம் நீளமாக யோசித்து வைத்திருந்தேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் போர்வையை வாங்கி விளிம்போடு விரலை ஓட்டினார். நான் செய்தது போலவே. மூலைக்கு வந்ததும் விரல் நின்றது.

"உள்ள என்னா இருக்கு?"

"நீங்க வெச்சதுதான்."

"நீங்க சொல்றீங்க. நான் நம்பணும்."

"பிரிச்சுப் பாருங்க."

"பிரிக்கிறது உங்க பழக்கம்ணே," என்றார். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு அதிகமாகச் சுட்டது. போர்வையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, வாசலிலேயே எனக்குக் காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

பெண் குழந்தை பிறந்தது. தொட்டில் போடும் நாளில் பெம்பான் வீட்டுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். கூரைக் கம்பியில் ஸ்பிரிங் மாட்டி, அதில் தொட்டில் தொங்கியது. குழந்தைக்குக் கீழே வேறொரு போர்வை, பூப்போட்டது. நான் தைத்தது தரையில் விரித்திருந்தது, வருகிறவர்கள் உட்கார. நான் அதைப் பார்ப்பதைச் சம்பந்தியம்மா பார்த்தார். "தச்சப்புறம் வெட்டுப்பட்டது பிள்ளைக்கு ஆவாதுண்ணே. அதான்," என்றார். நியாயம்தான். நான் அதன் மேலேயே உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்த பிறகுதான், தொட்டிலாகத் தொங்குவது என் பச்சைக் கைலி என்று கவனித்தேன்.

இப்போது மருமகளும் குழந்தையும் குருபோங்கில்தான். மெஷினின் உறையை எடுத்துவிட்டார்கள். ஹாலில் எனக்கும் ஓர் இடம் உண்டு, ஜன்னலோரமாக. சட்டைப் பொத்தான், தலையணை உறை போன்ற சின்ன வேலைகள் கொடுக்கிறார்கள். கத்தரிக்கோலை என் பக்கத்தில் வைப்பதில்லை. தண்ணீருக்கு எழுந்து போய்த் திரும்பும்போது, ஹாலுக்குள் வருமுன் ஒரு தடவை இருமுகிறேன். சில நாள் பேச்சு நிற்கிறது. என்ன பேசினார்கள் என்று கேட்பதை விட்டுவிட்டேன்.

சம்பந்தியம்மா மறுபடியும் சனிக்கிழமைகளில் வருகிறார். ஆப்பீசர் அண்ணே என்று கேட்டுக்கு வெளியிலிருந்து கூப்பிடுவதில்லை. நான் கேட்டைத் திறந்ததும், உள்ளே காலெடுத்து வைக்குமுன் பையின் வாயை விரித்து எனக்கு முன்னால் பிடிக்கிறார். "பாத்துக்கங்கண்ணே."

உள்ளே மகனும் மருமகளும் சிரிக்கிறார்கள், பழைய விளையாட்டு திரும்பிவிட்டதாக நினைத்து. நானும் சிரித்து வைக்கிறேன். அவர் சிரிப்பதில்லை. நான் பார்வையைத் திருப்பிக்கொள்ளும்வரை பையை விரித்துப் பிடித்தபடி நிற்கிறார். அதற்குப் பிறகுதான் உள்ளே வருகிறார்.