எஞ்சினைப் பார்த்த இருக்கை

நிலக்கரிப் புகைக்கு அவித்த முட்டையும் துருப்பிடித்த இரும்பும் கலந்த மணம். உல்லாசப் பயணிகளுக்காக மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடுகிற சுவிஸ் நீராவி ரயிலில், போன கோடையில் அது என் மூக்கில் ஏறியதும், ஐம்பது தாண்டிய நான் முதலில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்தில் ரயில் என்றால் "கோச்சி". டீசல் வந்த பின்னும் மிச்சமிருந்த நீராவி வண்டி "கரிக்கோச்சி". அதில் போகிறவர்கள் பழைய உடுப்போடு ஏறி, எஞ்சினுக்கு முதுகு காட்டி இருந்து, கொழும்பு நெருங்கும்போதுதான் வெள்ளைச் சட்டைக்கு மாறுவார்கள். எனக்கு அது முதல் பயணம், தெரியாது. அண்ணைக்கு இரண்டாவது, தெரியும்.

பிள்ளையில்லாத கொழும்பு மாமி எங்கள் இருவரில் ஒருவரைத் தன்னோடு வைத்துப் படிப்பிக்க நினைத்திருந்தா; யாரை என்று அவ பார்த்து முடிவெடுக்கத்தான் அப்பா எங்களைக் கூட்டிப்போனார். அவ வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா அடுத்த பெட்டியில் இடம் பிடித்துப் போனதும், அண்ணை என்றுமில்லாத கனிவோடு சொன்னார்:

"வெள்ளையை இப்பவே போடடா. பிறகு சனத்துக்குள்ள மாத்தேலாது. எஞ்சினைப் பாத்தபடி யன்னலோரம் இரு."

"அப்ப நீங்கள்?"

"நான் இஞ்சால, எதிர்ச் சீட்டில இருக்கிறன். எனக்குப் பரவாயில்லை."

அந்த அன்பில் என் கண் கலங்கியது. வண்டி வேகமெடுத்ததும் கரித்தூள் விழுந்து மறுபடி கலங்கியது.

கொழும்பு கோட்டை நிலையத்தில் மாமி என்னை மேலும் கீழும் பார்த்தா. "சின்னவனுக்கு என்ன, கண்நோயோ? சட்டையும் கரிச்சட்டி மாதிரி."

"கோச்சியிலை வந்தவனெல்லோ," என்றார் அப்பா.

"பெரியவனும் கோச்சியிலைதானே வந்தவன்."

தெரிவு முடிந்தது. அண்ணை இன்று சுவிஸின் பாசல் நகரில் மருந்துக் கம்பெனி விஞ்ஞானி. நான் அகதியாக வந்து, பக்கத்துப் பாடன் நகர உணவகத்தில் வருடக்கணக்காகக் கோப்பை கழுவி, மிச்ச நேரத்தில் நூலகத்தில் குந்தியிருந்து படித்தவன். ஆரம்பகால ரயில்களில் கூரையில்லாத பெட்டிகளில் போன ஏழைகளின் தலையில் நெருப்புப்பொறி விழுந்ததாம். சரித்திரம் என்னைத் தனியாகக் குறிவைக்கவில்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

போன கோடையில் அந்த ரயிலுக்கு எங்களைக் கூட்டிப்போனதும் அண்ணைதான். வழியில் தன் மகளுக்குக் கதை சொன்னார்: "அந்தக் காலத்திலை யன்னல் சீட்டெண்டால் அடிபடுவினம். நான் உன்ர சித்தப்பாவுக்கு விட்டுக் குடுத்தனான்."

"உண்மையோ சித்தப்பா?"

அண்ணையின் முகத்தில் கள்ளம் இருக்கிறதா என்று தேடினேன். ஒரு துளியும் இல்லை. மனதார நம்பிச் சொன்னார்.

"ஓம் பிள்ளை," என்றேன்.

கரிக்கோச்சி போய்விட்டது. அப்பாவும் மாமியும் போய்விட்டார்கள். அன்று நடந்தது தெரிந்தவர்கள் இப்போது உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருவருக்கு மறந்துவிட்டது.