பூசிப் பார்க்காத கை

வண்ணார்பேட்டை சிவசண்முகத்துக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் முகத்துக்குப் பூசுகிற ஸ்னோ காய்ச்சுவதில் ஆள் கெட்டி. டப்பாக்களைப் பெட்டியில் அடுக்கி, களக்காட்டுப் பக்கம் பஸ்ஸில் போய் வயல் வயலாக விற்பான். புதுச் சரக்கு என்றால் முதலில் தன் இடது கையில் பூசிக்கொண்டு ஒரு பகல் முழுக்க வெயிலில் அலைவான். தோல் முரண்டு பிடிக்கவில்லை என்றால்தான் விற்பனை. இதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடிப்பான்.

தொண்ணூற்று நாலில் ஒரே ஒரு தடவை அதை விட்டான்.

களையெடுக்கிற முப்பிடாதிக்குக் கன்னத்தில் வெண்புள்ளி. வெயில் பட்டால் எரியும். "வெயில மறைக்குத மாதிரி ஒண்ணு செஞ்சு தாங்க அண்ணாச்சி" என்றாள். மருந்துக்கடையில் விசாரித்து, துத்தநாகப் பொடி வாங்கி ஸ்னோவில் கொட்டினான். பொடி வெயிலை மறைக்கும், அது நிஜம். ஆனால் ஸ்னோவில் சேர்க்கிற மெழுகு மாதிரியான ஆசிட்டோடு சேர்ந்ததும் கலவை இறுகி, ரவை ரவையாகத் திரண்டுவிட்டது. வீணாகிறதே என்று எண்ணெய் ஊற்றி இளக்கினான். பார்வைக்கு வழுவழுப்பு. தடவினால் ஓரிடத்தில் பொடித் திட்டு, மற்ற இடமெல்லாம் வெறும் எண்ணெய். விரலுக்கே தெரிந்தது. கையில் பூசி வெயிலில் போனால் குட்டு உடைந்துவிடும் என்று பூசவில்லை.

"பூசிக்கிட்டுத் தைரியமா எறங்கு தாயி" என்று கொடுத்துவிட்டான்.

அடுத்த வாரம் போனால், அவள் கன்னம் கொப்புளம் போட்டுத் தோல் உரிந்து கிடந்தது.

"நாந்தான் ஒழுங்கா தேய்க்கல போல, அண்ணாச்சி. இன்னொரு டப்பா தாங்க. இந்தத் தடவ பாத்துத் தேய்க்கேன்."

அவள் வைதிருந்தால் தாங்கியிருப்பான். 'சரி' என்று தலையாட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடலாமா என்றுகூட நினைத்தான். அப்படி நினைத்ததில் உடம்பே கூசிவிட்டது.

"ஒம்மேல தப்பில்ல. சரக்கு கெட்டது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் தந்தேன். ஆஸ்பத்திரிக்கு வா."

"பாதியில கரையேறினா கூலி கெடையாது" என்று அவள் குனிந்துகொண்டாள்.

பக்கத்து வரிசையில் களையெடுத்த, வயதில் மூத்த பொன்செல்வி நிமிர்ந்தாள். "மொதல்ல எங் கையில பூசிப் பாப்பேம்னு பெரும பேசுவீரே! அந்தக் கை எங்கன போச்சு வே?"

அவன் வரப்பில் கிடந்த முப்பிடாதியின் டப்பாவை எடுத்து, மிச்சத்தை வழித்து இடது கையில் பூசினான். சட்டையைச் சுருட்டிவிட்டு, பொழுது சாயும் வரை வரப்பிலேயே நின்றான். எண்ணெய் பட்ட இடமெல்லாம் காந்தியது. பொடி ஒட்டிய நாலைந்து திட்டுகள் மட்டும் தப்பின.

கரையேறிய முப்பிடாதி அந்தக் கையைப் பார்த்தாள்.

"முன்னால போங்க, ஆஸ்பத்திரிக்கு வாரேன்" என்றாள்.

அண்ணாச்சி என்று மட்டும் கூப்பிடவில்லை.