மலை இறங்கும் கால்

வலிக்கிற காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டுமா, அல்லது நடக்க நடக்க அதுவே சரியாகிவிடுமா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. நான் பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தவள். கால் எலும்புகளைப் படம் வரைந்து, பெயரெழுதி, மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தப் படத்திலிருந்த கால் சைக்கிள் மிதிக்கவில்லை.

என் கணவர் ஜவ்வாது மலைமேல் ஓர் ஆரம்பப் பள்ளியின் ஒரே ஆசிரியர். எங்கள் வீடு அடிவாரத்தில், ஆலங்காயத்தை ஒட்டி இருக்கிறது. காலையில் சைக்கிளை ஏற்றத்தில் முடிந்தவரை மிதித்து, முடியாத இடத்தில் தள்ளிக்கொண்டு போவார். மாலையில் இறங்கி வருவார். மலைக்குப் பேருந்து உண்டு, ஆனால் அது பள்ளி நேரத்துக்கு வருவதில்லை. இவருக்கு முன்பு வந்தவர்கள் சீக்கிரமே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட, பள்ளி பூட்டியே கிடந்ததாம். இவர் போகாத நாளில் அங்கே பள்ளி இல்லை. அதனால்தான் இவருக்குக் கால் வலி வந்தபோது எனக்கு இரண்டு பயங்கள் வந்தன. ஒன்று, இவர் கால். இன்னொன்று, அந்தப் பூட்டு.

முதலில் கெண்டைக்கால்தான் வலித்தது. ராத்திரியில் நரம்பு சுருட்டி இழுக்கும். நொச்சி இலை போட்ட வெந்நீர் ஊற்றினேன். விளக்கெண்ணெய் தேய்த்தேன். அழுத்தித் தேய்த்தது தவறோ என்று மறுநாள் மெதுவாகத் தேய்த்தேன். மெதுவாகத் தேய்த்தால் பலன் இருக்குமோ என்று அதற்கும் கவலைப்பட்டேன். சைக்கிள் கடைக்காரர் பார்த்துவிட்டு, "சீட்டு ஒசரம் சார். நுனிக்கால்ல எட்டி எட்டி மிதிக்கிறீங்க. அப்புறம் வலிக்காம இன்னா செய்யும்?" என்று சொல்லி சீட்டை இறக்கினார். கெண்டைக்கால் வலி குறைந்தது. முகம் தெளிந்து சாப்பிட உட்கார்ந்தார். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

ஆனால் முன்பக்கம், முழங்காலுக்குக் கீழே எலும்பை ஒட்டின சதையில் ஒரு வலி மிஞ்சி நின்றது. அதுவும் இடது காலில் மட்டும். இரண்டு காலும்தானே மிதிக்கிறது, ஒன்று மட்டும் ஏன்? கேட்டால், "மலைன்னா அப்படித்தான். நீ கொழந்தயப் பாரு" என்பார். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து ஓய்வெடுக்கச் சொன்னார்கள். மாத்திரையைச் சாப்பிட்டார். ஓய்வை மட்டும் சாப்பிடவில்லை.

சுதந்திர தினத்தன்று கொடியேற்றம் பார்க்கக் குழந்தையோடு பேருந்தில் மலைக்குப் போனேன். சாமை விதைத்த கொல்லைகளிலிருந்து பெற்றோர் வந்து நின்றிருந்தார்கள். தலைவாரி, முகம் கழுவி, பிள்ளைகள் வரிசையில் நின்று பாடியதைப் பார்த்தபோது, இந்த மனிதர் ஏன் விடுப்பு எடுப்பதில்லை என்பது எனக்குப் புரிந்தது. வீட்டில் சட்டைப் பொத்தானைத் தேடி அலைகிறவர், அங்கே ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக் கதையையும் அறிந்துவைத்திருக்கிறார்.

திரும்பும்போது எங்களைப் பேருந்தில் ஏற்றிவிட்டு அவர் சைக்கிளில் முன்னால் இறங்கினார். இரண்டாவது வளைவில் அவர் முதுகு தெரிந்தது. இடது காலைத் தூக்கி முன்சக்கரத்தின் மேல் வைத்து, செருப்பால் டயரை அழுத்திக்கொண்டே இறங்கிக்கொண்டிருந்தார்.

"வாத்யாரு கால்லயே பிரேக்கு வெச்சினுகீறாரு பாருங்க!" என்றார் கண்டக்டர். பேருந்தே சிரித்தது. நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

முன்சக்கரத்து மட்கார்டை அவர் கழற்றி வைத்ததன் காரணம் அப்போதுதான் தெரிந்தது. சேறு அடைக்கிறது என்று சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் இடது செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் வாய்க்கால் வெட்டினதுபோல ஒரு பள்ளம். வலியின் காரணம் ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில் இருந்தது. மலை முழுவதும் பாதத்தை மேல்நோக்கி விறைத்துப் பிடித்திருந்தால் முன்கால் சதை என்ன ஆகும்?

"இன்னாங்க இது?"

"பிரேக் கட்டை சூடேறித் தேய்ஞ்சிடுது. நான் இன்னா பண்ணட்டும்?"

"மலைக்காரங்க இன்னா பண்றாங்க?"

மலையிலிருந்து புளிமூட்டை ஏற்றி வருகிறவர்கள் சைக்கிளின் பின்னால் கயிற்றில் ஒரு முள்கொம்பைக் கட்டி இழுத்துக்கொண்டு இறங்குவார்கள். கொம்பு தரையில் உரசி வண்டியைப் பிடித்து நிறுத்தும். அடிவாரத்தில் அவிழ்த்துப் போட்டுவிடுவார்கள். அது இவருக்கும் தெரியும்.

"வாத்யாரு கொம்பு இழுத்துனு வந்தா பசங்க இன்னா சொல்லும்?"

"கால் ஒடஞ்சி வூட்ல படுத்துகினா இன்னா சொல்லும்? ஸ்கூலு பூட்டினுகீதுன்னு சொல்லும்."

அதிகம் பேசிவிட்டேனோ என்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மாலை தெருவே புழுதியாக இருந்தது. அடிவாரத்தில் முடிச்சு அவிழவில்லையாம். கொம்பை இழுத்துக்கொண்டே வீடுவரை வந்துவிட்டார். எதிர்வீட்டுக்காரர் விடவில்லை: "இன்னா வாத்யாரே, ஊரப் பெருக்கினு வர்றியா?"

"ஆமாங்க. உங்க வாசல் பாக்கி கீது, வரட்டுமா?" என்றார் இவர்.

கேலிக்குக் கூசுகிறவர் அப்படிச் சிரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மரியாதையை அவரிடம் சொல்லத் தெரியவில்லை. முடிச்சை மட்டும் அவிழ்த்துக் கொடுத்தேன். அன்றுமுதல் கொம்புதான். செங்குத்தான வளைவுகளில் இறங்கித் தள்ளிக்கொண்டும் வருகிறார். வலி மெல்லக் குறைந்து, இல்லாமலே போயிற்று.

இப்போது சில நாட்களாக மறுபடி ஆரம்பித்திருக்கிறது. முன்புபோலச் சதையில் பரவலாக இல்லை. எலும்பின்மேல் ஒரே இடத்தில், விரல் நுனி அளவுக்கு. தொட்டால் காலை இழுத்துக்கொள்கிறார். காலையில் எழுந்து ஊன்றும்போதும் வலிக்கிறது. சதை வலிதான், போய்விடும் என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் முன்பும் எனக்குத் தோன்றியதெல்லாம் சரியாக இருந்ததில்லை. விடுப்பு எடுக்கச் சொன்னால் பிள்ளைகள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவார்கள். சொல்லாமல் விட்டால் இவர் காலுக்கு என்ன ஆகுமோ.

மலைப்பாதையில் சைக்கிள் விடுகிறவர்கள், இப்படி எலும்பில் ஒரே இடத்தில் வலி கண்டவர்கள், எலும்பு வைத்தியம் அறிந்தவர்கள் இதைப் படித்தால் எழுதுங்கள். எத்தனை நாள் ஓய்வு வேண்டும்? வேலூருக்கு அழைத்துப்போய்ப் படம் எடுத்துப் பார்க்க வேண்டுமா? அதுவரை அவர் நடந்தாவது மலை ஏறலாமா, அதுவும் கூடாதா? நான் சொன்னால் கேட்கமாட்டார். நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினால், ஆசிரியர் அல்லவா, ஒருவேளை கேட்பார்.