வாப்பாவின் மலைப்பல்லி

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி எங்கள் சாய்ந்தமருதுத் தென்னைகளை முறித்துப் போட்டதற்கு மறு ஆண்டு, ஏப்ரல் விடுமுறையில் நடந்தது இது. எனக்கு எட்டு வயது. வாப்பா பதுளைக்கு மேலே ஒரு மலையூர்த் தபாற்கந்தோரில் எழுதுவினைஞர். ஊருக்கு மாற்றம் கேட்டு நான்கு ஆண்டுகளாக விண்ணப்பித்துக்கொண்டிருந்தார்.

மாதம் இரண்டு கடிதம் வரும். உம்மாவுக்கு ஒரு பக்கம், எனக்கு அரைப் பக்கம். என் அரைப் பக்கத்தில் எப்போதும் ஒரு பல்லி இருக்கும். வாப்பாவின் அறைக்குப் பின்சுவராக இருந்தது மலைப்பாறைதான்; அந்த ஈரப்பாறையின் வெடிப்பில் அது குடியிருந்தது. நம் வீட்டுப் பல்லியைப் போல வெளுத்ததல்ல, பாசி படர்ந்த கல்லின் நிறம். முதுகில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளி, தொண்டையில் மஞ்சள். கண்மணி கீறலாக இல்லாமல் வட்டமாக இருக்கும். விரல்கள் மெலிந்து மடங்கியிருக்கும். பகலில்தான் வெளியே வரும், சத்தமே போடாது.

"ராத்தா, மச்சான் அங்க பல்லியோட குடும்பம் நடத்துறாரு" என்று மாமா உம்மாவைச் சீண்டுவார்.

உம்மா சிரிக்கமாட்டார். "அதுக்காவது அவர்ர முகத்தப் பார்க்கக் கிடைக்குதே" என்பார்.

பல்லியை ஒரே அடியில் கொன்றால் நூறு நன்மை, இரண்டாம் அடிக்குக் குறையும் என்று ஓதப்பள்ளியில் சொல்லித்தந்திருந்தார்கள். எங்கள் ஒழுங்கைத் தெருப் பிள்ளைகளுக்குள் இதில் போட்டியே இருந்தது. நான் எப்போதும் மூன்றாம் அடிக்காரி. ஊர்ப்பல்லிக்கே நூறென்றால் மலைப்பல்லிக்கு எவ்வளவோ! அந்த நன்மையை முன்வைத்து அல்லாஹ்விடம் வாப்பாவின் மாற்றத்தைக் கேட்டால் கிடைக்காமலா போகும்? பஸ்ஸில் வழிநெடுக இதே நினைவுதான்.

பதுளையில் ஓரிரவு தங்கி, காலையில் போய்ச் சேர்ந்தோம். எங்களை அறையில் விட்டுவிட்டு, "பகல் வந்து ஒரு விசயம் சொல்லணும்" என்று வாப்பா கந்தோருக்கு ஓடினார்.

வெயில் ஏறியதும் வெடிப்பின் வாயில் அது வந்து நின்றது. என் சுட்டுவிரல் நீளம்தான். கடிதத்தில் இருந்தபடியே இருந்தது. ஓடவில்லை, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. அறை கூட்டும் தும்புத்தடியால் ஒரே அடி.

பகல் வாப்பா வந்தபோது வாசலுக்கே ஓடினேன். "வாப்பா, ஒரே அடி! உங்களுக்கு மாத்தம் கிடைக்கணும் எண்டு துஆவும் கேட்டுட்டன்!"

வாப்பா தரையில் கிடந்ததைக் குனிந்து பார்த்தார். வெற்றுத் தந்திப் படிவமொன்றில் அதைச் சுற்றினார். பிறகு என்னைத் தூக்கிக்கொண்டு, "உன்ட துஆவ அல்லாஹ் ஏத்துக்கிட்டான் மகள். மாத்தம் வந்திட்டு. வாற மாசம் கல்முனைக்கு" என்றார். கல்முனை எங்களுக்கு அடுத்த ஊர்; உம்மா முக்காட்டால் கண்ணைத் துடைத்தார். ஊரில் பலகாலம் இதைச் சொல்லிப் பெருமையடித்தேன்.

வாப்பா மவுத்தான பிறகு அவருடைய காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கியபோது அந்த மாற்றக் கடிதம் அகப்பட்டது. நாங்கள் மலையேறுவதற்கு ஒன்பது நாள் முந்திய தேதி.

பல்லியை அடித்த அன்று மாலை, அஸர் தொழுதுவிட்டு வாப்பா பாறை வெடிப்பருகே போய்க் குனிந்து நின்றார். அவர் தோளைப் பிடித்து நானும் எக்கிப் பார்த்தேன். உள்ளே, கல்லோடு ஒட்டியபடி இரண்டு சின்ன வெள்ளை முட்டைகள்.

"இன்னும் ரெண்டு இருக்கு வாப்பா!"

வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏன் அவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.